வாசலில் நான்கு முட்டை

காலை ஆறு மணிக்குக் கண்தும்பி வரும். உள்ளங்கை அகல டிரோன். சதுப்பின் மேல் வரிசை பிடித்துப் பறந்து முட்டை தேடும். அது போகும்வரை நாங்கள் சேற்றில் நிமிர்ந்து நிற்போம். முதுகுக்குக் கிடைக்கிற ஓய்வு அதுதான்.

பதினோரு வருடமாக அது எதையும் காணாமல் திரும்பியது. குப்பைமேட்டை வெட்டி அள்ளினோம். கோரை நட்டோம். பறவைகளுக்கென்று முப்பது திட்டு கட்டினோம். ஒரு கூடாவது அமைந்தால்தான் சதுப்பு பிழைத்தது என்று அதிகாரிகள் ஒப்புவார்கள்; அப்புறம்தான் நகரத்து ஜனங்களுக்குப் பூங்கா திறக்கும். அதுவரை படகுகள் பூட்டிக் கிடக்கும். கூட்டைச் சுற்றி இருநூறு மீட்டருக்குள் மனிதர் குடியிருக்கக் கூடாது. அதற்குக் கூட்டுவிதி என்று பெயர்.

கரையோரக் கொட்டகையில் நானும் என் மனைவி எல்லம்மாவும் இருந்தோம். சாகும்வரை இருக்கலாம் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். எழுத்துக் கற்றபிறகு அந்தத் தாளைப் படித்தேன். கடைசி வரியில் கூட்டுவிதி இருந்தது.

பவளக்கால் உள்ளான் பறவை ஒன்று முப்பது திட்டையும் விட்டுவிட்டு எங்கள் வாசல் சரளையில் நான்கு முட்டை இட்டது.

"முப்பது வூடு கட்டிக் குடுத்தோம். மகராசிக்கு நம்ம வாசதான் கெடச்சுதா?" என்றாள் எல்லம்மா.

இதற்குமுன் மூன்று இடத்திலிருந்து எங்களைக் கிளப்பியிருக்கிறார்கள். இனி முடியாது என்றாள். தும்பி வரும் நேரம் மண் சுமக்கும் இரும்புச் சட்டியை முட்டைமேல் கவிழ்ப்பாள், போனதும் எடுப்பாள். நான் அன்றாடக் கணக்கு அனுப்பும் தினப்பலகைத் திரையில் கூடு இல்லை என்று எழுதுவேன்.

ஒன்பதாம் நாள் ஆறு மணிக்குத் தும்பி வரவில்லை. எப்போது வருமோ என்று சட்டியை எடுக்கவும் பயம். பத்து மணிக்கு இரும்பு கொதித்தது. பறவை தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, சட்டியின் மேலேயே உட்கார்ந்தது. எழுந்தது. மறுபடி நனைத்துவந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் தும்பி வந்தது. எல்லம்மா போய்ச் சட்டியை எடுத்துவிட்டாள். தும்பி அந்தரத்தில் நின்றது. என் பலகை சிணுங்கியது.

"பாத்துடுச்சு," என்றேன்.

"பாக்கட்டும். எழுது."

முட்டை நான்கு என்று எழுதினேன். இடம் கேட்டது. எங்கள் வீட்டு வாசல் என்று எழுதினேன். பலகை அதை அழித்து, 'கூடு ஒன்று' என்று தானே திருத்தியது. சுற்றி ஒரு வட்டம் போட்டது. வட்டத்துக்குள் மனிதர் இல்லை என்று காட்டியது. மாலைக்குள் காலிசெய்யச் சொல்லித் தகவல் வந்தது.

எல்லம்மா பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் புடவையில் சுற்றினாள். நான் தகரக் கதவைத் தள்ளப் போனேன்.

"அது கிறீச்சுங்கும்யா. பின்னாடி கீத்தைப் பிரி."

நான் கட்டிய முடிச்சுகளை நானே அவிழ்த்தேன். அந்த வழியாகக் கட்டிலை வெளியே எடுத்தோம். பறவை எழவில்லை.