இங்கேயே கிடைக்கிறது

அலுவலகம் வந்ததும் முத்தெழில் முதலில் பார்ப்பது, வாயிலோன் ஏதாவது கேட்டிருக்கிறதா என்பதைத்தான். வடகூட்டமைப்புக்குப் போகும் வேலை விசா மனுக்களை இப்போது அதிகாரிகள் படிப்பதில்லை. வாயிலோன் என்கிற எந்திரமதிதான் படிக்கிறது. கேள்வி வந்தால் மனு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குத் தூத்துக்குடியின் விசா வக்கீல்கள் டீயோடு பஜ்ஜியும் வாங்குவார்கள்.

அன்று ஜெசிந்தாவின் மனுவுக்கு மறுபடியும் கேள்வி வந்திருந்தது. ஜெசிந்தா உள்ளூர்ப் பவளப் பண்ணை ஒன்றின் தலைமை வளர்ப்பாளர். அவள் கணவர் அந்தோணி ஏற்கெனவே வடகூட்டமைப்பில் ஒரு பவளப் பண்ணையில் குழாய் பார்க்கிறார். அதே பண்ணை அவளையும் கூப்பிட்டிருந்தது. அங்கே யாருக்கும் இல்லாத திறன் அவளிடம் இருக்கிறது என்று நிரூபித்தால் போதும்.

"பவளம் சாகப்போறது உங்களுக்கு மட்டும் எப்படிக்கா முன்கூட்டியே தெரியுது? அதத்தான் கேக்குது," என்றாள் முத்தெழில், எதிரே உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவிடம்.

"சத்தம்தாம்மா. தொட்டிக்குள்ள மைக் போட்டிருக்கோம்லா, இறால் சொடக்குப் போடுத சத்தம் கேக்கும். அது எப்பக் குறையுதுன்னு எல்லாரும் பாப்பாவ. குறையதுக்கு முன்ன அது திக்கும். பேச்சு வராத பிள்ளை மாதிரி."

"எப்படித் திக்கும்?"

ஜெசிந்தா கண்ணை மூடி, விரலால் சொடக்குப் போட்டுக் காட்டினாள். முத்தெழில் பதிவு செய்தாள். ஒரு இடைவெளிகூட விடாமல் விளக்கி எழுதி அனுப்பினாள். எழுதுவதில் அவளுக்கு நிகர் அவள்தான், சீனியரே சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. 'நிராகரிக்கப்படுகிறது. கோரப்பட்ட திறன் தற்போது இங்கேயே கிடைக்கிறது.'

முத்தெழில் சீனியரைப் போனில் கூப்பிட்டாள். "நம்ம பதில வச்சே கத்துக்கிச்சா சார்?"

"ஒப்புதல்ல கையெழுத்து வாங்குறோமேம்மா. குடுக்கற தகவல் பொதுப்பயனுக்குன்னு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன பண்ண? கம்மியா எழுதினா ஆதாரம் போதலைன்னு தள்ளிடும். நீ நல்லா எழுதுவ. அதான் சட்டுனு கத்துக்கிச்சு."

பாராட்டா அது? அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அடுத்தவர் மண்டையைத் திறந்து கொடுக்கவா இவ்வளவு படித்தாள்? போனைப் பட்டென்று வைத்தாள். யாரை அறைவது? எதிரே ஒரு முகம்கூட இல்லை.

ஜெசிந்தாவின் போன் அடித்தது. அந்தோணி.

"ஏட்டி ஜெசி, இங்க தொட்டிக்குப் புதுசா ஒண்ணு மாட்டியிருக்கானுவ. இப்ப கொஞ்ச நேரமா அச்சு அசல் உன்ன மாதிரியே சொல்லுது. திக்குதாம்! எனக்குச் சிரிப்புத் தாங்கல." சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அப்ப... நீ வருதல்லா?"

ஜெசிந்தா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"மேல்முறையீடு இருக்குக்கா," என்றாள் முத்தெழில். சொல்லும்போதே நாக்கு கசந்தது. "புதுசா வேற ஒரு திறன் காட்டணும்."

"ஒண்ணு இருக்கு. செத்ததுன்னு ஒதுக்கினதுல எது திரும்பப் பொழைக்கும்னு தெரியும். யாருக்கும் சொன்னதில்ல."

"சொல்லாதீங்க."

"சொல்லாட்டி அவுககிட்ட எப்படிம்மா போறது?"

சட்டம், விதி, விலக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும் முத்தெழிலுக்கு. கணவரிடம் போவதற்கென்று அவற்றில் ஒரு வரிகூட இல்லை.

ஜெசிந்தா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எழுதிக்கோம்மா. மொதல்ல அதோட நிறத்தப் பாக்கணும்."

முத்தெழில் எழுத ஆரம்பித்தாள். அரைகுறையாக எழுதினால் தள்ளிவிடும்.