சூடாக இருந்த பொதி

பிரஸ் மிஷின் பாதி வழியில் நின்றது. எதையோ யோசிப்பது போல ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி இறங்கியது.

மூத்தவள் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. அந்த மிஷின் எந்த இடத்தில் முனகும், எங்கே மூச்சு வாங்கும், காய்ந்த அட்டைக்கு என்ன சத்தம், நனைந்த அட்டைக்கு என்ன சத்தம் என்பதெல்லாம் அவளுக்குத் தன் வயிற்று இரைச்சலைப் போலப் பழகிப்போயிருந்தது. அட்டை நசுங்கினால் மொறமொறவென்று நொறுங்கும். இது அப்படி இல்லை. கனமான ஈரப் போர்வையைப் பிழிவது போல, நீளமாக, அவசரமில்லாமல் ஒரு சத்தம் உள்ளே எழுந்து அடங்கியது. எவனோ பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். போடக் கூடாததைப் போடுவதற்கென்றே சில ஜென்மங்கள் இருக்கின்றனவே.

அந்தப் பெரிய கம்பெனியின் கடைகளிலும் கிடங்குகளிலும் சேரும் கழிவெல்லாம் ஜன்னலே இல்லாத இந்தத் தகரக் கொட்டகையில்தான் வந்து விழும். கழிவைச் சுமந்து ஓடும் நீளமான பெல்ட்டின் இரு பக்கமும் பெண்கள் நின்று பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் அட்டையையும் தனித்தனியாகப் பொறுக்கித் தள்ளுவார்கள். அட்டை மட்டும் மறுகோடியில் மலையாகக் குவியும். அதை ஒரு வண்டி அள்ளிக்கொண்டு வந்து பிரஸ்ஸின் வாயில் கொட்டும். மூத்தவள் பட்டனை அமுக்குவாள். அவ்வளவு பெரிய மலை, இடுப்பளவுப் பொதியாகச் சுருங்கி, கம்பி கட்டிக்கொண்டு மறுபக்கம் வெளியே வரும்.

அமுக்குவதற்கு முன்னால் மணி அடிக்க வேண்டும், உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சூப்பர்வைசர் அன்று காலையில் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு தலைமை ஆபீஸ்ல இருந்து பெரியவங்க வராங்க. அந்த அட்டை மலை எனக்கு இருக்கக் கூடாது. மணியடிக்கறேன், எட்டிப் பாக்கறேன்னு சீராட்டிக்கிட்டு நிக்காத. போட்டு அமுக்கிக்கிட்டே இரு."

வாயைத் திறந்தால் 'நம்ம கழிவு பூஜ்யம், பூஜ்யம்' என்பார். அதனால் பெண்கள் அவருக்கு வைத்த பெயரே பூஜ்யம். வைத்தது இளையவள்தான், மூத்தவளின் தங்கை. பெல்ட்டில் வேலை. வீட்டில் அம்மாவிடம் கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிறவள்.

குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். தூக்கமில்லாமல் கண்கள் உள்ளே போய், காலையில் அவள் பிரஸ் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, நிக்க முடியலக்கா. கொஞ்ச நேரம் எங்கயாவது சாஞ்சுட்டு வந்துடறேன். பூஜ்யம் கேட்டா பாத்ரூம்னு சொல்லு."

"உனக்கு எப்பவும் இதே பொழப்பு. என்னமோ பண்ணித் தொலை. என் தலைய உருட்டாத."

அதற்கப்புறம் மூத்தவள் அவளை மறந்தே போனாள்.

பொதி வெளியே வந்தது. கம்பி இறுகியிருக்கிறதா என்று பார்க்க அதன்மேல் கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.

மிஷின் சூடு இல்லை அது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் உள்ளங்கையில் ஏறுமே, அந்தச் சூடு. குனிந்தாள். பசையும் தூசியும் கலந்த வழக்கமான அட்டை நெடிக்கு அடியில் வேறொரு வாசனை மெல்லக் கசிந்து வந்தது. மூக்கு அதைக் கண்டுபிடிக்கும் முன்பே அவள் வயிறு கண்டுபிடித்துவிட்டது. பால் கட்டிக்கொண்டு ரவிக்கையில் கசிந்து காய்ந்தால் வரும் அந்தப் புளித்த வாசனை.

திரும்பி பெல்ட்டைப் பார்த்தாள். வரிசையில் ஓர் இடம் காலி. அந்த இடத்தைத் தாண்டிக் குப்பை பொறுக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க அவ?" என்று காலி இடத்துக்குப் பக்கத்தில் நின்றவளிடம் கத்திக் கேட்டாள்.

"அப்பவே அட்டைப் பக்கம் போனாளே. உள்ள பூந்து படுத்தா கதகதன்னு இருக்கும்னு சொல்லிட்டுப் போனா."

அப்போது பொதிக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவரை எழுப்பத் தயங்கித் தட்டுவது போல.

மூத்தவள் ஓடிப்போய்ப் பூஜ்யத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். சட்டையில் தூசி படாமல் குனிந்து பொதியில் காதை வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒரு தடவை துடித்தது. அவருக்கும் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

நிமிர்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எலி."

"எலி இல்ல சார், என் தங்கச்சி. நிறுத்துங்க, பிரிச்சுப் பாத்துடலாம்."

"உன் தங்கச்சி ஒடம்பு சரியில்லன்னு வீட்டுக்குப் போயிட்டா. நான்தான் அனுப்பினேன்."

"பொய் சொல்லாதீங்க சார்."

அவர் பக்கத்தில் வந்தார். குழந்தைக்குக் கதை சொல்வது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி, உள்ள இருக்கான்னே வெச்சுக்குவோம். பட்டன அமுக்குனது யாரும்மா? நானா?"

அவள் பட்டன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பிரஸ்ல விழுந்த எதுவும் முழுசா வெளிய வந்ததில்ல. அது உனக்கே தெரியும். பெரியவங்க வந்துட்டுப் போகட்டும், பிரிச்சுப் பாக்கலாம். அதுவரைக்கும் எலின்னே நெனச்சுக்கோ. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

கட்டிங் பிளேயர் அவள் இடுப்பில்தான் தொங்கியது. கம்பிகளை அறுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கை பிளேயர் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. அறுத்தால் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால், அமுக்கியது அவள் கை என்று ஆகிவிடும். அறுக்காதவரைக்கும் அது எலி. எலியாகத்தான் இருக்க வேண்டும். எலிதான்.

மறுபடி தட்டும் சத்தம்.

வாசலில் கார்கள் வந்து நின்றன. நல்ல வாசனையோடு, காலில் அழுக்குப் படாத ஆட்கள் உள்ளே வந்தார்கள். சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று பெல்ட்டை நிறுத்தச் சொன்னார் பூஜ்யம். விருந்தாளிகளுக்காக மட்டும் நிற்கும் பெல்ட் நின்றது. கொட்டகை அமைதியானது. அந்த அமைதியில் பொதியின் சத்தம் ஊருக்கே கேட்கும் என்று மூத்தவள் பயந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தம்மாதான் நம்ம பிரஸ் ஆப்பரேட்டர்," என்று பூஜ்யம் அவளைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "ஒரு போட்டோ எடுத்துக்கலாம் சார். அந்தப் பொதி மேல கைய வைம்மா. ஆங், அப்படித்தான்."

கையை வைத்தாள். இப்போது இன்னும் சூடு. உள்ளங்கைக்கு நேர் கீழே, ஒரு விரல் ஆழத்தில், அது தட்டியது.

"உள்ள என்னம்மா இருக்கு?" என்று ஒரு பெரிய மனிதர் அன்பாகக் கேட்டார்.

"அட்டைதாங்க."

"கொஞ்சம் சிரிங்க."

சிரித்தாள். கைக்கடியில் தட்டல் பிறாண்டலாக மாறியது. தன் கையை அது அடையாளம் கண்டுகொண்டது போல, கை இருந்த அந்த இடத்தையே பிறாண்டியது. ஒருவர் கம்பெனி பூமியைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசினார். பேச்சு நீண்டது. பிறாண்டல் மெலிந்தது. விட்டு விட்டு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது அவள் கைக்கடியில் ஒன்றுமே இல்லை.

கார்கள் போனதும் அவள் கம்பிகளை அறுத்தாள். அழுத்திய அட்டைகள் ஒவ்வொன்றாக விரிந்து விழுந்தன. வெளியடுக்கு காய்ந்திருந்தது. அடுத்தது ஈரம். அதற்கடுத்தது சொதசொதவென்று.

நடுவில் ஒரு குழி.

முழங்காலை மடக்கி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண்ணின் அளவுக்குக் குழி. சுவரெல்லாம் நகக் கீறல். ஆள் இல்லை. ஒரு துளி ரத்தமும் இல்லை.

பூஜ்யம் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "பாத்தியா? ஒண்ணுமில்ல. அள்ளிப் போட்டு மறுபடி அமுக்கு."

பெல்ட் ஓடத் தொடங்கியது. மூத்தவள் தலையைத் தூக்கினாள்.

வரிசையில் காலி இடம் இல்லை.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"தூங்கிட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

குரல் அவளுடையதுதான். ஆனால் பேசும்போது அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. மூக்கு கொஞ்சம் அமுங்கியிருந்தது. கழுத்தில் ஒரு கோடு. மேல்கையில் ஒன்று. முழங்கையில் ஒன்று. ஒரே இடைவெளியில், சதைக்குள் ஆழமாகக் கம்பி பதிந்த கோடுகள். கைகள் மட்டும் நிற்காமல் பொறுக்கிக்கொண்டேயிருந்தன. முன்னெப்போதும் இல்லாத வேகத்தில்.

"இப்பதான் ஒழுங்கா வேலை செய்யறா," என்று சொல்லிவிட்டுப் போனார் பூஜ்யம்.

சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினார்கள். வேறு என்ன செய்வது என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை. இருட்டவில்லை இன்னும். பஸ் பள்ளத்தில் விழுந்தபோது எல்லாரும் குலுங்கினார்கள், பக்கத்தில் இருந்தவள் குலுங்கவில்லை. அவளிடம் ஈர அட்டை வாடை.

"நீ அமுக்குனப்ப நான் கத்துனேன்க்கா."

மூத்தவள் ஜன்னலைப் பார்த்தாள். "கேக்கலடி. மிஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல."

"தெரியும்க்கா." என்றாள் இளையவள். "அப்புறம் தட்டுனேன்ல. அது கேட்டுச்சுல்ல?"

பஸ் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். "காய்ச்சல் விட்டுடுச்சுடி. காலையில இருந்து ஒரே சிரிப்பு." குழந்தையை இளையவள் கையில் கொடுத்தாள்.

"குடுக்காதம்மா," என்று சொல்ல நினைத்தாள் மூத்தவள். என்னவென்று சொல்வது? ஏன் என்று கேட்டால், காலையிலிருந்து சொல்ல வேண்டுமே. ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டுமே.

அந்த நேரத்துக்குள் குழந்தை கை மாறிவிட்டது.

பறிக்கப் போனாள். இளையவளின் இன்னொரு கை வந்து அவள் முதுகைச் சுற்றியது. மென்மையாகத்தான் சுற்றியது.

"அக்கா, நீயும் வாக்கா."

குழந்தை நடுவில். சின்னச் சூடான வயிறு அவள் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கை இறுகியது. கோபமில்லாமல். பதறாமல். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. விலா எலும்பு ஒன்று எங்கோ மெதுவாக வளையத் தொடங்கியது. கத்த வாயைத் திறந்தாள். உள்ளே காற்று இல்லை.

அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"ரெண்டு பேரும் எப்பவும் இப்படி ஒத்துமையா இருங்கடி. எனக்கு வேற என்ன வேணும்?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குழந்தை சிரித்தது. கொஞ்ச நேரம் சிரித்தது. பிறகு, சிரிக்க இடம் போதவில்லை.