மூன்றாம் ஜன்னலில் சந்தன வாசம்

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை.

இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். மெஷின்களுக்குப் பொட்டு வைத்து முடிக்கும்போதே சந்தனம் தீர்ந்துவிட்டது. பேனல் ரூமில் இருக்கும் ஐந்து பேனலுக்கும் மஞ்சளைக் குழைத்து வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நாளை காலையில் செண்பகராஜ் அண்ணனிடமாவது சொல்லிவிட வேண்டும்.

சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை செண்பகராஜ் செத்துக் கிடந்தார்.

கோவில்பட்டியைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது அந்த நூற்பாலை. விஜயதசமியன்று மில்லை ஓட்டக் கரண்ட் கொடுக்கப் போன சீனியர் எலெக்ட்ரீஷியன், மூன்றாம் பேனலின் முன்னால் மல்லாந்து கிடந்தார். வலது உள்ளங்கை கருகியிருந்தது.

அவருக்கு மேலே அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னல் திறந்து... ஆடிக்கொண்டிருந்தது.

பேனல் என்றால் ஆள் உயர இரும்புப் பீரோ. மில்லுக்கே போகிற கரண்ட் அதற்குள்தான். அதன் கதவில், முகம் பார்க்கும் உயரத்தில், கீல் வைத்த கண்ணாடி ஜன்னல். பெரிய கதவைத் திறக்காமலே உள்ளே பார்க்கலாம். ஜன்னலை மட்டும் திறந்து, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தலாம். மில்லை ஓட்டுவதற்கு முன் அதை அழுத்தியாக வேண்டும்.

செண்பகராஜ் கேட்டுக் கேட்டு வாங்க வைத்த ஜன்னல்கள்.

மாட்டியவள் பிரித்திகா. பகலில் மில்லில் ஜூனியர் எலெக்ட்ரீஷியன். சாயங்காலம் டிப்ளமோ வகுப்பு. வீடு திரும்பியதும் டைரி.

மாட்டி முடித்த அன்று செண்பகராஜ் சிரித்தார்.

“இனி உள்ள இருக்கது எல்லாம் வெளிய தெரியும்ல பிள்ள?”

“மீட்டர் தெரியும்ண்ணே.”

“மீட்டர் மட்டுமா?”

என்னவென்று அவள் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

*

ஒரு வாரம் போயிற்று.

உச்சி வெயில். பேனல் ரூம் வாசலில் துடைப்பத்தோடு நின்றாள் மில்லைப் பெருக்கும் சீனித்தாய். உள்ளே போகமாட்டேன் என்று அடம்.

“ஏட்டி... வாசம் வருது பாத்தியா?”

பிரித்திகா மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

வந்தது. சந்தன வாசம்.

செண்பகராஜ் தினமும் நெற்றியில் பட்டையாகச் சந்தனம் பூசிக்கொண்டுதான் வேலைக்கு வருவார்.

“காலைல இருக்க மாட்டேங்கு. மில்லு முழு வேகத்துல ஓடுது பாரு, உச்சி வேளை... அப்பம்தான் வாராரு.”

“யாரு சித்தி?”

“தெரியாத மாதிரி கேளு.”

உள்ளே கிரீச் என்று ஒரு சத்தம். மூன்றாம் பேனலின் ஜன்னல், யாரும் தொடாமலே, ஒரு விரல் அகலம் திறந்து நின்றது. கண்ணாடியில் ஒரு முகம்...

அவள் முகம்தான்.

பிரித்திகா மூச்சை விட்டாள். ஆனால் அந்த முகம் கேட்ட கேள்வி போகவில்லை.

பச்சை ஒயரை மாட்டினாயா?

ஜன்னல் சட்டம் அலுமினியம். அதைச் சுற்றி ரப்பர். தப்பித்தவறி சட்டத்தில் கரண்ட் ஏறினால் மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போக ஒரு பச்சை எர்த் ஒயர். அதை அவள்தான் மாட்ட வேண்டும். ஐந்து ஜன்னலுக்கும் மாட்டியதாக அவள் கைக்கு ஞாபகம் இருந்தது. மனசுக்கு இல்லை.

செண்பகராஜ் செத்த அன்று கதவைத் திறந்தபோது, மூன்றாம் பேனலில் அந்த ஒயர் கழன்று தொங்கியது. அவிழ்ந்த இன்னொரு கரண்ட் ஒயர் கீலில் உரசிக்கொண்டிருந்தது; அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மில்லை ஓட்டினார்கள்.

“தூக்கம் வருதாட்டி உனக்கு?” சீனித்தாய் மெல்லக் கேட்டாள்.

“கண்ண மூடினா பச்சையா தெரியுது சித்தி.”

பின்னால் ஷூ சத்தம்.

இன்ஸ்பெக்டர் பௌசியா. கூடவே மில்லின் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர் நவநீதகிருஷ்ணன். இடுப்பில் சாவிக்கொத்து சலங்கையாய்க் குலுங்கியது.

“இவதான் மேடம். சின்னப் பிள்ள... வேணும்னா செஞ்சா? கவனக்குறைவு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா சட்டுனு முடிஞ்சிரும்.”

“முடியுறது எது சார்? கேஸா, அவ படிப்பா?” என்றார் பௌசியா.

“மேடம், நான் அன்னைக்கே சொன்னேன்லா. இந்தப் பெரிய கதவத் திறக்கச் சாவி ஒண்ணே ஒண்ணு. அது என் இடுப்புல. பூஜையன்னைக்குக் கதவும் சட்டமும் சேருற இடுக்குல இவ பொட்டு வச்சா. கதவத் திறந்திருந்தா பொட்டு ரெண்டா உடைஞ்சிருக்கும். உடைஞ்சிருந்ததா?”

“இல்ல. முழுசா இருந்தது. நான் வந்து திறக்கச் சொன்னப்பதான் உடைஞ்சது.”

“அப்பம் பூஜைக்குப் பிறகு கதவு திறக்கவே இல்ல. இவ எப்படி விட்டாளோ, அப்படியேதான் இருந்திருக்கு.”

பௌசியா பிரித்திகாவைப் பார்த்தார்.

“நீ என்னம்மா சொல்லுத?”

“எனக்கு... சரியா ஞாபகம் இல்ல மேடம்.”

காகிதம் அவள் முன்னால் நீண்டது. பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டால் வேலை போகும், படிப்பு போகும்... ஒரு மனுஷனைக் கொன்றவள் என்ற பேர் மட்டும் கூடவே வரும்.

மறுபடியும் சந்தன வாசம்.

“பாருங்க, செத்தவனே வந்து நிக்கான்” என்றார் நவநீதகிருஷ்ணன். “போட்டுரு பிள்ள. அவன் ஆத்மா சாந்தி அடையட்டும்.”

பேனா காகிதத்தைத் தொட்டது.

நின்றது.

இந்த ரூமில் சந்தனமா?

பிரித்திகா பேனாவைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். முதல் பேனலின் பொட்டை முகர்ந்தாள். இரண்டாவது. மூன்றாவது... அதில் பாதிப் பொட்டு சட்டத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே சூடேறிய இரும்பில் மூக்கை வைத்தாள்.

இரும்பு சூடேற, சந்தனம் அங்கேதான் மணத்தது.

“சித்தி, வெத்தலைப் பையில சுண்ணாம்பு இருக்கா?”

“ஏட்டி, இந்த நேரத்துல வெத்தல போடப் போறியா?”

“குடுங்க.”

சுண்ணாம்பில் தண்ணீர் தொட்டு, முதல் பேனலின் பொட்டில் தேய்த்தாள்.

மஞ்சள் சிவந்தது. ரத்தம் போல் இரும்பில் வழிந்தது.

சீனித்தாய் ரெண்டடி பின்னால் போனாள்.

இரண்டாவது... சிவந்தது. நான்காவது, ஐந்தாவது... சிவந்தன.

கடைசியாக மூன்றாவது.

தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

சிவக்கவே இல்லை.

“என்னம்மா இது?” பௌசியாவின் குரல் தாழ்ந்தது.

“ஒரு தப்பு பண்ணிட்டேன் மேடம். அன்னைக்கு சந்தனம் தீந்து போச்சு. அஞ்சு பேனலுக்கும் மஞ்சள்தான் வச்சேன். வெளிய சொல்லல. இந்த ரூமுக்குள்ள நான் சந்தனமே கொண்டுவரல.”

அவள் மூன்றாம் பேனலின் பொட்டைக் காட்டினாள்.

“அப்பம் இதுல இருக்க பொட்டு எம்பொட்டு இல்ல. பூஜைக்குப் பிறகு யாரோ கதவத் திறந்திருக்காவ. பொட்டு உடைஞ்சிருக்கு. தொடச்சிட்டு, சந்தனத்தக் குழைச்சு அதே இடத்துல வச்சிருக்காவ. நிறம் ஒண்ணுதான். வாசம் வேற.”

பௌசியா மெதுவாகத் திரும்பினார்.

“சாவி ஒண்ணே ஒண்ணுன்னீங்க?”

நவநீதகிருஷ்ணனின் கை, தன்னை அறியாமல், இடுப்பைப் பொத்தியது. சாவிக்கொத்து குலுங்கியது.

“எதுக்கு மேடம் நான் போயி...”

“எதுக்குன்னு ஜன்னல் சொல்லும்” என்றாள் பிரித்திகா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு பட்டை தெரியும். கரண்ட் போற செம்புப் பட்டையா இருக்கணும். ஆனா நீலத்துல ஒரு ஓரம் பெயிண்ட் உரிஞ்சிருக்கு.”

பௌசியா கண்ணாடி வழியே டார்ச் அடித்தார்.

“வெள்ளையா இருக்கே?”

“அலுமினியம். செம்ப வித்துட்டு, அலுமினியத்துக்குப் பெயிண்ட் அடிச்சு மாட்டியிருக்காவ. கதவு மூடியே இருந்த வரைக்கும் யாருக்கும் தெரியல. செண்பகராஜ் அண்ணன் ஜன்னல் கேட்டதே இதுக்குத்தான்... இப்பம்தான் எனக்குப் புரியுது.”

நவநீதகிருஷ்ணன் அவளை முறைத்தார். வார வாரம் ஜன்னல் ஜன்னல் என்று நச்சரித்த செண்பகராஜைப் பார்ப்பது போலவே முறைத்தார். பிறகு முகம் சரிந்தது.

“ஒரு வாரம் பொறுல, செம்பத் திருப்பி மாட்டிருதேன்னு கெஞ்சினேன். கேக்கல” என்றார் தரையைப் பார்த்து.

“பச்சை ஒயர்?” பிரித்திகாவுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. “சார், பச்சை ஒயர நான் மாட்டியிருந்தேனா?”

அவர் எரிச்சலோடு நிமிர்ந்தார்.

“மாட்டியிருந்தியா? அந்த நட்டக் கழட்டுததுக்குள்ள என் மணிக்கட்டே போச்சு. எந்தப் பாவி இப்படி முடுக்கினான்னு உன்னத்தான் வஞ்சேன்.”

பிரித்திகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாக வராத அழுகை வந்தது.

பௌசியா அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார்.

“வாங்க சார். எங்க ஸ்டேஷன்லயும் ஒரு கதவு இருக்கு. அதுக்கும் சாவி ஒண்ணே ஒண்ணுதான்.”

*

அக்டோபர் 19, சனி.

மூன்றாம் பேனலின் சட்டத்தை இன்று ஈரத்துணியால் நானே துடைத்தேன். பொட்டு சுத்தமாகப் போய்விட்டது. ஆனாலும் உச்சி வேளையில் ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்தது. சந்தன வாசம் அடித்தது. சீனித்தாய் சித்தி ஓடிவிட்டாள். நான் ஓடவில்லை. “மஞ்சள்தான் வச்சேன்ணே, மன்னிச்சிருங்க” என்று சொன்னேன். ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது. கீல் தேய்மானமாகவும் இருக்கலாம்.

நாளை செய்ய வேண்டியது: மூன்றாம் ஜன்னலுக்குப் புதுக் கீல், பச்சை ஒயர். முடுக்கும்போது, இன்னொருவர் கழற்ற நேர்ந்தால் மணிக்கட்டு போகும்படி முடுக்க வேண்டும்.