எப்போது வலிக்கிறது?

செவ்வாய்க் கோளின் செந்திடல் குடியிருப்பில் தினமும் பல் துலக்கும் முன்பே எல்லோரும் உடல்நோக்கி இயந்திரத்தில் படுத்தாக வேண்டும். ஒன்பது மூச்சு விடுவதற்குள் அது ஒரு சொட்டு இரத்தத்தை உறிஞ்சி, எலும்பு முதல் ஈரல் வரை படம்பிடித்து, மணிக்கட்டில் முடிவை ஒளிரவிடும். பச்சை என்றால் நலம். பச்சை வந்தவருக்கு விடுப்பு கிடையாது.

நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்த அமுதரசிக்குப் பதினொரு நாளாக அடிவயிற்றில் வலி. பதினொரு நாளும் பச்சை. பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. நோயறி மண்டபத்துக்குப் போய், உடல்நோக்கியின் படுக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

மண்டபப் பொறுப்பாளர் டாக்டர் ஜெபமணி வந்தார். முடிவுகளில் கையெழுத்திடுவது மட்டுமே அவர் வேலை.

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. எழுந்திரிங்க, மத்தவங்க நிக்கிறாங்க."

"வலிக்குது டாக்டர்."

"இருபதாயிரம் அளவு எடுத்திருக்கு. எதுலயும் குறையில்ல."

"அத்தனை எடுத்துச்சே, எப்ப வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டுச்சா? நீங்களாவது கேட்டீங்களா? கேக்குற வரைக்கும் நான் எழுந்திரிக்கிறதா இல்ல."

காவலர்களை அழைக்கப் போன ஜெபமணி தயங்கினார். பிறகு, பழக்கமில்லாத மொழியைப் பேசுபவர்போல மெல்லக் கேட்டார்.

"எப்ப வலிக்குது?"

"நின்னுக்கிட்டு பம்ப்பைத் தூக்குறப்ப. படுத்தா போயிடுது."

அவர் முகம் மாறியது. உடல்நோக்கி யாரையும் நிற்க வைத்துப் பார்த்ததே இல்லை. ஆறு வருடமாக எந்த நோயாளியையும் தொடாத கையை அவள் அடிவயிற்றில் வைத்தார்.

"நின்னு, இருமுங்க."

இருமினாள். விரலடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ புடைத்தது. குடலிறக்கம். படுத்தவுடன் உள்ளே நழுவிவிடும் குடல், இப்போது அரைகுறையாகச் சிக்கத் தொடங்கியிருந்தது. அன்று மதியமே அறுவைச் சிகிச்சை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் குடல் அழுகியிருக்கும்.

தையல் பிரித்த அன்றே அமுதரசி குடியிருப்பு மன்றத்தின் முன் போய் நின்றாள். முதலில் கேள், பிறகு தொடு, அதற்கப்புறம் படம் எடு என்பதே அவள் கோரிக்கை. சிரித்தார்கள்; மறுவாரமும் போனாள். வேலையை விட்டு நீக்குவதாக மிரட்டினார்கள். அதற்கடுத்த வாரமும் போனாள். நான்காம் மாதம் மன்றம் பணிந்தது. குடியிருப்பின் மேற்கு நோயறி மண்டபத்தில் புதிய உடல்நோக்கி வந்தது. அது நிற்க வைத்துக் கேட்கும். மெத்தென்ற ரப்பர் கையால் தொட்டும் பார்க்கும்.

முதல் நாள் மாலை அவள் கணவன் பாரிவேள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"புதுசுகிட்ட காட்டுனீங்களா?"

"போனேன். எங்க வலிக்குது, எத்தனை நாளா வலிக்குதுன்னு என்னையே கேக்குது. அதுக்கே தெரியலைன்னா அது என்ன வைத்தியம்? எழுந்து வந்துட்டேன். மேற்கு மண்டபமே காத்தாடுது. எல்லாரும் கிழக்குல இருக்கிற பழசுகிட்டதான் நிக்கிறாங்க. நானும் அங்கேயே போய் முழுசா ஒரு ஸ்கேன் எடுத்துக்கிட்டேன். பதினாலு பக்கம் ரிப்போர்ட்."

"என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கு."

"வலி?"

"அது இருக்கு," என்றான் பாரிவேள், நிம்மதியாக.