மூன்றாம் தர நிழலாள்

“குறட்டை உண்டா?”

“லேசா.”

“அண்ணாச்சி, உண்மையச் சொல்லணும்.”

“சரி, உண்டு. நல்லாவே உண்டு.”

“வீட்டுக்காரம்மா பேசும்போது என்ன சொல்லுவீங்க?”

“அது அவ பேசுறதப் பொறுத்தது. ஆறுதல் சொல்லுவேன், யோசனை சொல்லுவேன், சிரிப்புக் காட்டுவேன்…”

“செய்ய நெனைக்கிறதக் கேக்கல. செய்யுறதக் கேக்கேன்.”

இசக்கிராஜ் கூரையைப் பார்த்தான். “‘ம்’னு சொல்லுவேன்.”

“அப்போ கையில?”

“கைத்திரை இருக்கும்.”

அதிகாரி ரெஜினா நிம்மதியாகப் புன்னகைத்தாள். “அப்படின்னா மூணாந்தர நிழலாளே போதும். அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம்.”

செவ்வாயின் ஐந்தாம் குமிழ்நகரில், உண்மையை வெளியிடுவோரைக் காக்கும் துறையில் இது அன்றாட வேலை. ஒருவர் ஒளிந்திருக்கும் காலம் முழுவதும் அவருடைய வீட்டில் ஒரு நிழலாள் உட்கார்ந்திருக்கும். உள்ளே இயந்திரம், வெளியே அவரவர் தோல்துணுக்கிலிருந்து வளர்த்த தோல், அதே முகம், அதே இருமல். வீட்டாருக்கும் சொல்லக்கூடாது என்பது விதி. தெரியாததை யாரும் மிரட்டிப் பிடுங்க முடியாது அல்லவா?

இசக்கிராஜ் பால்பண்ணையின் கறவைக்கூடத்தில் வேலை பார்த்தவன். செவ்வாயில் மாடில்லாமல் ஆலைத் தொட்டியில் ஊறும் தொட்டிப்பால் தாராளமாகக் கிடைத்தது. சத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆற்றினால் நுரை நிற்காது. காபியில் நுரை நிற்க வேண்டும் என்பதற்காகப் பசுக்கருக்களை உறைபெட்டியில் ஏற்றிக்கொண்டு, கோள் விட்டுக் கோள் வந்து, நிலத்தடியில் தொழுவம் கட்டிய இனம் நம்முடையது.

அந்தத் தொழுவத்தில் கன்றை ஈன்ற அன்றே பிரித்துவிடுவார்கள். காளைக்கன்று என்றால் உர அரைவைக்குப் போகும். தோலை மட்டும் உரித்து ஓர் இயந்திரத்துக்குப் போர்த்துவார்கள். அதற்குப் போலிக்கன்று என்று பெயர். மடியை முட்டும், வாலை ஆட்டும். தாய் மயங்கிப் பாலை இறக்கும். மயங்காத மாட்டுக்கு மின்கோல். அதற்கும் மசியாவிட்டால் பாலைச் சுரக்கவைக்கும் ஊசி.

செவலை என்ற பசு மயங்கவில்லை. போலிக்கன்றை ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊசி போட்டதும் பால் அதன்பாட்டுக்கு இறங்கியது. பசு மட்டும் கன்றைக் கொண்டுபோன கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. தோலைப் போர்த்தித் தைத்தவன் இசக்கிராஜ். அன்று மாலை அவனுக்குக் காபி இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது. அந்த வெட்கத்தில்தான் சட்டைப் பொத்தானில் ஒளிப்பதிவியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

பதிவு வெளியானதும் பண்ணை நிர்வாகம் என்ன செய்யும் என்று துறைக்குத் தெரியும். வேலையாட்கள் எல்லாருக்கும் விடுப்புக் கொடுத்து, வீட்டு வாசலுக்கு ஓர் ஆளை நிறுத்தி, எவன் காணாமல் போகிறான் என்று பார்க்கும். முன்பு ஒருவன் அப்படி அகப்பட்டான். அவனுடைய பிராணவாயுக் கவசத்தில் எப்படியோ ஓட்டை விழுந்தது. ஆகவே இசக்கிராஜ் நகர மன்றத்தில் முகம் காட்டாமல் சாட்சியும் சொல்ல வேண்டும், வீட்டிலும் இருக்க வேண்டும்.

“ஏம்மா, இது நடக்கிற காரியமா?” என்றான் இசக்கிராஜ். “தோலுக்குள்ள இருக்கது கன்னு இல்லன்னு ஒரு மாட்டுக்கே தெரிஞ்சு போச்சு. மரகதம் இத்தன வருசம் எங்கூட வாழ்ந்தவ. வாசல் தாண்டுமுன்ன கண்டுபிடிச்சு ஊரக் கூட்டிருவா.”

“பாப்போம் அண்ணாச்சி.”

மறைவிடம் அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்து வளர்ந்தவன் அவன். அவற்றில் தலைமறைவாகிறவனுக்குக் குறைந்தது பனியாவது பெய்யும். கனத்த மேலங்கி இருக்கும். தொலைவில் ஒரு பெண் சன்னலருகே நின்று உருகுவாள். இங்கே ஜமுக்காளமும் தொட்டிப்பால் காபியும்தான் இருந்தன. உருகும் பெண்ணையாவது பார்க்கலாம் என்று வார இறுதிக்குக் காத்திருந்தான். அன்று மட்டும் நிழலாளின் கண்வழியே வீட்டைப் பார்க்க அனுமதி உண்டு.

மரகதம் உருகவில்லை. நிழலாளைத் திட்டிக்கொண்டிருந்தாள். “கல்லு மாதிரி உக்காந்திருக்கீயளே, தண்ணிக்குழாய் ஒழுகுதே, கண்ணு தெரியலியா?” நிழலாள் “ம்” என்றது. சந்தேகமே இல்லை, அதைப் புருசன் என்று நம்பித்தான் திட்டுகிறாள் என்று இசக்கிராஜுக்குப் புரிந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவளுடைய இடப்புருவத்தில் சின்ன வெட்டுத்தழும்பு ஒன்று தெரிந்தது. புதிதாகப் பட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த முறை அவள் சாப்பிட்டுக்கொண்டே நிழலாளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அதற்கடுத்த முறை அவன் பார்க்க மறுத்துவிட்டான்.

இதற்கிடையில் பதிவைக் குமிழ்நகரம் முழுவதும் பார்த்து அழுதது. பெரும்பாலோர் அதைக் காலைக் காபியோடு பார்த்ததால், நுரை அடங்குவதற்குள் கண்ணீரையும் துடைத்துக்கொண்டார்கள். ஆனாலும் மன்றம் உறுதியாக நின்று ஆணையிட்டது. போலிக்கன்றுக்குத் தடை, கன்று தாயிடமே இருக்க வேண்டும், சாட்சி சொன்னவன்மேல் துரும்பு பட்டாலும் பண்ணையின் காற்று உரிமம் ரத்து. ஆணை வந்த நாளில் செவலை மறுபடி ஈன்றது; அதன் கன்றை அதனிடமே விட்டார்கள். அது நக்கி நக்கிக் கன்றை நனைத்ததை இசக்கிராஜ் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தான். தன் வரவேற்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. நக்காவிட்டாலும் பரவாயில்லை.

அன்றே ரெஜினா சுவர்த்திரையில் மரகதத்தை அழைத்தாள். இசக்கிராஜ் தலைசீவி, திரையில் தெரியாதபடி ஓரமாக நின்றான்.

“அக்கா, மனசத் திடப்படுத்திக்கோங்க. உங்க வீட்டுல இருக்கது உங்க வீட்டுக்காரர் இல்ல.”

“தெரியும்” என்றாள் மரகதம்.

“எப்பத்துல இருந்து?”

“மொத நாளே. நான் பேசப் பேச என் மூஞ்சியப் பாத்துச்சு.”

ரெஜினா இசக்கிராஜின் பக்கம் குனிந்து, “மூணாந்தரத்துல அது ஒரு குறை அண்ணாச்சி. உதட்டப் பாத்தாத்தான் பேச்சு முடிஞ்சிருச்சுன்னு அதுக்குத் தெரியும்” என்று முணுமுணுத்தாள்.

“வாசல்ல பண்ணைக்காரன் நின்னான்” என்று மரகதம் தொடர்ந்தாள். “அவுக ஏதோ நல்ல காரியத்துக்குப் போயிருக்காவன்னு புரிஞ்சுது. அதான் அவன் காதுல விழட்டும்னு தெனமும் இதுகூடச் சண்ட போட்டேன். அவுக நல்லாருக்காவளா? நேரத்துக்குச் சாப்புடுதாவளா?”

மன்றமும் துறையும் காத்தது போக, இசக்கிராஜின் மிச்ச உயிரைக் காத்தவள் அங்கே முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

“நல்லாருக்காரு. இன்னைக்கே வந்துருவாரு. கூடவே எங்க ஆளு வந்து நிழலாளத் தூக்கிட்டுப் போயிருவாரு.”

மரகதம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியில் நிழலாள் கைத்திரையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பேசக் காத்திருந்தது.

“மேடம், தப்பா நெனைக்கப்படாது. அவுக வரட்டும், என் புருசன், எப்ப வருவாவன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஆனா நேத்து எங்கம்மா செத்த அன்னைக்கு நடந்ததச் சொல்லிக்கிட்டு இருந்தேன், பாதியில நிக்கி. அதச் சொல்லி முடிக்கிற வரைக்குமாவது இத இங்க விட்டு வைக்க முடியுமா?”