பின்னால் யாருமில்லை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மடத்துமேட்டு ஒயின் சகோதரர்கள் சபை, முறைப்படி கூடி, முறைப்படி குடித்து, ஏகமனதாகத் தீர்மானித்தபடி, இவ்வாண்டு திராட்சை அறுவடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அடிவாரத்து இரும்புச் சிலுவையிலிருந்து மேலே பாழடைந்த மடம்வரை சைக்கிளில் ஏறி, மடத்து முற்றத்தில் நிற்கும், திராட்சை பிழியும் பழைய திருகுச் செக்கின் மரத்தை எவர் கை முதலில் தொடுகிறதோ, அவருக்கே செந்நிற மேலங்கியும், முயல்தோல் கழுத்துப்பட்டியும், வெள்ளிக் கிண்ணமும், ஓராண்டுக் காலத்துக்கு ‘மேட்டின் மகாப்பிரபு’ என்னும் பட்டமும் வழங்கப்படும். தொடுவது கையாக இருக்கவேண்டும். சக்கரம் செல்லாது. மேல்முறையீடு இல்லை.

இந்த அறிவிப்பை எழுதியவர் ரெஜிஸ் வோஷெல். ஊரின் நோட்டரி, சபையின் செயலாளர், வயது ஐம்பத்து நான்கு. ‘சக்கரம் செல்லாது’ என்ற வரியைச் சேர்ப்பதற்காக மட்டும் இரண்டு கூட்டங்களை நடத்தினார். ஒரு முறை கசாப்புக்கடை பஸ்கால் சக்கரத்தால் செக்கை முட்டி அவரை முந்திவிட்டதை அவர் மறக்கவில்லை. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் அவருடைய சொந்த மகள் சொலேன் ஜெயித்தாள். அதையும் அவர் மறக்கவில்லை, பெருமைப்படுவதாகச் சொல்லிக்கொண்டார். அடுத்த ஆண்டு முழங்கால் ஒத்துழைக்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டதால், மேலங்கி கிடைத்தால் இந்த ஞாயிறு, இல்லையென்றால் இந்தப் பிறவியில் இல்லை. ஆகஸ்டிலேயே மக்கோன் நகரத்துத் தையற்காரரிடம் போய் ரகசியமாகத் தோள் அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ரெஜிஸிடம் ஒரு வித்தை இருந்தது. சைக்கிளில் வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர்தான் காற்றைக் கிழிக்கவேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்பவருக்குப் பாதி வேலை மிச்சம். அதனால் முறை வைத்திருக்கிறார்கள்: கொஞ்ச நேரம் முன்னால் இழுத்தவர் இடப்பக்கம் விலகி, வேகத்தைக் குறைத்து, வரிசையின் வாலுக்குப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும், அடுத்தவர் இழுக்க வேண்டும். ரெஜிஸ் எப்போதும் வாலில் இருப்பார். முன்னாலிருந்து யாராவது களைத்து வந்தால், தனக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு, “வாங்க, வாங்க, இங்க நுழைங்க” என்று கையை நீட்டி உபசரிப்பார். இப்படி அவர் முறை வராமலே இருபது வருஷம் ஓடிவிட்டது. கடைசி வளைவில் மட்டும், ஆறாத பால்போல உடம்பில் சூடு குறையாமல், சீறிக்கொண்டு வெளியே வருவார். ஊரில் இதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ரெஜிஸ் இதை ஆற்றல் மேலாண்மை என்பார்.

வாலில் போகிறவருக்கு அந்த மேட்டில் ஒரே ஒரு கடமை. இரும்புச் சிலுவையைத் தாண்டும்போது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து, “பின்னால் யாருமில்லை!” என்று உரக்கக் கத்தவேண்டும். டிராக்டர்காரர்கள் கத்துகிறார்கள், தபால்காரி கத்துகிறாள், சவ ஊர்வலத்தில் கடைசியாக நடப்பவர்கூடக் கத்துகிறார். அந்தக் காலத்தில் மடத்தின் தலைவர் ஒருவர் ஒவ்வொரு அறுவடைக்கும் கடைசி வண்டியில் உட்கார்ந்து, குடியானவர்களை இழுக்கவைத்து, மேடு முழுக்க ஓரடி நடக்காமல் ஏறுவாராம். விளைச்சல் பொய்த்த ஓர் ஆண்டில் அவர்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போய், அவரை அவருடைய செக்கிலேயே இறக்கி, திருகை முழுக்கச் சுற்றிவிட்டார்கள். சாறு கொஞ்சம்தான் வந்தது என்று ஊர்க்காரர்கள் இன்றும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே, சிலுவை வந்ததும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, கொடிவரிசைகளைப் பத்தடிக்கு அப்பால் அழித்துவிட்டிருந்தது. சாலையெல்லாம் அறுவடை வண்டிகள் சிந்திய சாறு. டயர் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ஊர் முழுக்கப் புளித்த திராட்சைத் தோலின் வாடை, அதற்கடியில் ஈர மரம், அதற்கும் அடியில் செத்து அழுகிய குளவிகளின் இனிப்பு நாற்றம். ஏறியவர்கள் நால்வர். முன்னால் ஒனோரே, மேட்டில் பாதிக் கொடிகளுக்குச் சொந்தக்காரன், வாய்க்குப் பூட்டில்லாதவன். அடுத்து பஸ்கால். பிறகு சொலேன், கட்டைவிரல் கிழிந்த நீலக் கையுறைகளோடு. கடைசியில், சொல்லவே வேண்டாம்.

“நோட்டரி ஐயா!” ஒனோரே திரும்பாமலே கத்தினான். “இருபது வருஷமா நீங்க பாத்துப் பாத்து என் முதுகுல ரெண்டு ஓட்டை விழுந்துபோச்சு. இன்னிக்காவது உங்க முதுகைக் காட்டுவீங்களா?”

“காட்டுவார், காட்டுவார்,” என்றான் பஸ்கால். “முத்திரைக் கட்டணம் கட்டினா காட்டுவார்.”

சொலேன் சிரித்தாள். ரெஜிஸ் சிரிக்கவில்லை. சிலுவை வந்தது. திரும்பிப் பார்த்தால் சைக்கிள் அசையும். அசைந்தால் முன்னால் போகும் சக்கரத்திலிருந்து ஒரு முழம் பின்தங்குவோம். அந்த ஒரு முழத்துக்குக் காற்று. மகளின் பின்சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரின் கம்பீரத்தோடு, ரெஜிஸ் கத்தினார்:

“பின்னால் யாருமில்லை!”

சத்தம் அப்போதுதான் கேட்டது. டிக், டிக், டிக் என்று ஒரு பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் சுழலும் சத்தம், அவருக்குப் பின்னால், மிக அருகில். தாமதமாகக் கிளம்பிய எவனோ ஒருவன் தன் முதுகில் ஒண்டுகிறான் என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. பிறர் உழைப்பில் சவாரி செய்பவர்களை ரெஜிஸுக்குப் பிடிக்காது. பிறகுதான், இரண்டு வளைவுகள் கழித்து, அவருக்கு உறைத்தது. மிதிக்கும்போது ஃப்ரீவீல் சத்தம் போடாது. மிதிப்பதை நிறுத்தினால்தான் போடும். இது மேடு. மேட்டில் மிதிக்காமல் ஒருவரும் ஏறிவர முடியாது.

டிக், டிக், டிக்.

ஒனோரே முன்னாலிருந்து விலகி, பனிக்குள் மிதந்து பின்வாங்கி வந்தான். வழக்கம்போல ரெஜிஸ் இடைவெளி விட்டார். வழக்கம்போலக் கையையும் நீட்டினார். ஒனோரே அதில் நுழையாமல் பல்லைக் காட்டினான்.

“இன்னிக்கு அது இல்ல ஐயா. நாங்க மூணு பேரும் பேசிவச்சிட்டோம். எல்லாரும் உங்களுக்குப் பின்னாலதான். போங்க, காத்து எப்படி இருக்கும்னு பாருங்க.”

அவன் கடந்து பின்னால் போனான். டிக் டிக் நின்றது. அதன் இடத்தில் மரத்தில் மரம் உராயும் சத்தம், ஒரு பெரிய திருகு அரைச்சுற்று சுற்றுவதுபோல, கிர்ர் என்று நீண்டது. ஒனோரே, “யாரு இவ—” என்றான். பிறகு ஏதோ உடைந்தது. சைக்கிள் சட்டம் உடைந்தால் ஒருமுறை உடையும். இது வரிசையாக உடைந்தது, காய்ந்த கொடிக்கட்டை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல, கீழிருந்து மேலாக. கடைசியில் நனைந்த கூடையைப் பிழிந்த சத்தம். ரெஜிஸின் கெண்டைக்கால்களில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது.

சாறு, என்று அவர் நினைத்துக்கொண்டார். தண்ணீர்க் குப்பி வெடித்திருக்கும். உதட்டிலும் ஒரு துளி. நாக்கு அதைத் தொட்டது. உப்பு.

டிக், டிக், டிக்.

கத்தியிருக்கலாம். கத்தினால் நிற்பார்கள். நின்றால் போட்டி ரத்து. போட்டி ரத்தானால் முழங்கால், டாக்டர், தையற்காரர். இவ்வளவையும் ரெஜிஸ் ஒரே மூச்சில் நினைத்து முடித்தபோது பஸ்கால் ஏற்கெனவே விலகிவிட்டான். அந்தப் பருத்த கைகள் அவர் தோளருகே மெல்லப் பின்னால் நகர்ந்தன.

“ஒனோரே எங்க?” என்றான் பஸ்கால்.

ரெஜிஸ் மகளின் பின்சக்கரத்தையே பார்த்து மிதித்தார்.

கிர்ர். பஸ்காலுக்கு உடம்பு பெரியது, நேரம் எடுத்தது. அவன் அலறினான். அந்த அலறல் நடுவில் குறுகியது. ஒரு பெரிய சத்தத்தைச் சின்ன குழாய்க்குள் திணிப்பதுபோல அது சீட்டியாகி, பிறகு வெறும் காற்றாகி, நின்றது. சாலையோரமாக ஓர் ஓடை அவரை முந்திக்கொண்டு மேல்நோக்கி ஓடியது. மேல்நோக்கி. சிவப்பாக. அதில் ஒரு பல் உருண்டு வந்தது.

முன்னால் சொலேன். காதில் தொப்பி, காற்று, தன் மூச்சு. அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. அவள் முதுகு சீராக அசைந்தது. ரெஜிஸ் முதல்முறையாக அந்த முதுகைக் காற்றுத்தடுப்பாக அல்லாமல் பார்த்தார். கழுத்தில் ஒரு முடிக்கற்றை ஒட்டியிருந்தது. பிறந்தபோதும் அப்படித்தான் ஒட்டியிருந்தது.

அவள் இடப்பக்கம் விலகினாள்.

“வேண்டாம்! விலகாதே! முன்னாலயே போ!”

“எனக்குக் கால் செத்துப்போச்சுப்பா. உன் முறை.”

“இங்க வா. எனக்கு முன்னால வா. இந்தா, இடம் விடறேன், நுழைஞ்சுக்க!” இடைவெளி விட்டார். கையை நீட்டினார். இருபது வருஷமாக நீட்டிய அதே கை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “எல்லா வருஷமும் இதேதானா?”

“பின்னால ஏதோ வருது சொலேன்!”

“நீதானே யாருமில்லன்னு கத்தினே. நான் கேட்டேனே.”

அவர் கையை எட்டி அவள் சட்டையைப் பிடித்தார். ஈரத் துணி. வழுக்கியது. அவள் முகம் அவர் தோளைக் கடந்தது, இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது, பிறகு அவர் தோளுக்குப் பின்னால் போனது. சிரிப்பு மாறியதை அவர் பார்க்கவில்லை. கேட்டார்.

“அப்பா.”

கிர்ர்.

“அப்பா, திரும்பிப் பா—”

திரும்பவில்லை. கால்கள் மிதித்தன. அவர் சொல்லவில்லை, அவையே மிதித்தன. உடைவது கேட்டது. விரல்கள் முதலில். பிறகு பெரியவை. முதுகெல்லாம் நனைந்தது. சூடாக.

முன்னால் ஒருவருமில்லை. முகத்தில் காற்று. இருபது வருஷத்துக்கான காற்று.

டிக். டிக். டிக்.

பின்சக்கரத்தை ஒட்டி. முறை கேட்காமல். முறை தராமல்.

மடத்தின் வளைவு வாசல் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. முற்றத்தில் சபையார், கறுப்பு அங்கிகள், கையில் ஊதுகொம்புகள். அவரைப் பார்த்ததும் ஊதினார்கள். பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தார்கள். ஊதல் உடைந்தது. ஒருவர் மண்டியிட்டு வாந்தியெடுத்தார். மற்றவர்கள் அங்கிகளைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு சுவரேறிக் குதித்தார்கள்.

செக்கு நின்றது. கருத்த மரம். நடுவில் ஆள் பருமனுக்குத் திருகு. ரெஜிஸ் சைக்கிளிலிருந்து விழுந்தார். முழங்கால் நொறுங்கியது. தவழ்ந்தார். அழுதபடியே கையை நீட்டினார். ஒரு சாண். அரைச் சாண்.

அங்கேதான் திரும்பிப் பார்த்தார்.

சைக்கிள் இல்லை. அகலமாக ஒன்று உட்கார்ந்திருந்தது, எதன்மேலும் இல்லாமல், யாரோ இழுத்துவரும் வண்டியில் உட்கார்ந்திருப்பதுபோல. பிழிந்த திராட்சைச் சக்கையைப்போல அடுக்கடுக்காக இறுகியிருந்தது. ஓர் அடுக்கில் ஒனோரேயின் பற்கள். அடுத்ததில் பஸ்காலின் கை, காகிதத்தைப்போல மடிந்து. மேலடுக்கில் ஒரு முடிக்கற்றை, அதன்கீழ் தட்டையான ஒரு வாய். அந்த வாய் இன்னும் ‘அப்பா’ என்று அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. சாறுதான் வந்தது.

அதிலிருந்து ஒரு கை பிரிந்தது. நிதானமாக, களைப்பே இல்லாமல், அவர் காதோரமாக, அவர் கன்னத்தை ஈரமாக உரசிக்கொண்டு முன்னால் நீண்டது. கட்டைவிரல் கிழிந்த நீலக் கையுறை. செக்கின் மரத்தில் அது தட்டையாகப் படிந்தது. திருகு தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

ரெஜிஸ் வோஷெல் இரண்டாவதாக வந்தார்.