பசித்த தண்ணீர்

நேற்றுச் சாயங்காலம்தான் தொட்டித் தண்ணீரில் இரண்டு கிலோ கால்சியம் தூளைக் கரைத்து ஊற்றியிருந்தாள். இன்று சோதனைக் குப்பியில் மருந்து விட்டதும் தண்ணீர் சிவந்திருக்க வேண்டும். சிவக்கவில்லை. பளிச்சென்று நீலம். சுண்ணாம்புச் சத்து பொட்டுக்கூட இல்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுப் பின்புற வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ராஜா மாதிரி கிடந்தார் கணவர். அவருடைய மூட்டுவலிக்காகக் கட்டிய தொட்டி. உப்பு படியக் கூடாதென்று அதைச் சுண்ணாம்பை நீக்கும் மென்னீர் இயந்திரத்துத் தண்ணீரால் நிரப்பிய மேதாவியும் அவர்தான்.

"தண்ணி பசியோட இருக்கு சார். நீங்க சுண்ணாம்பு குடுக்கலன்னா கிடைக்கிற இடத்துல எடுத்துக்கும்" என்று மெக்கானிக் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டார். இவர் சிரித்தார். ஒரே மாதத்தில் டைல்ஸ் இடுக்கிலிருந்த சிமென்ட் முழுக்கக் கரைந்துபோனது. மெக்கானிக் வந்து எல்லா இடுக்கையும் கரையாத பசையால் அடைத்தார். இனி அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

"மறுபடியும் தண்ணிய மாத்தினீங்களா?"

"நான் தொடவே இல்லடி."

"வாயத் தொறந்தா பொய். இன்னைக்கு ஒரு பிடி கூட போட மாட்டேன். அது எதை வேணும்னாலும் தின்னுக்கட்டும்!"

கதவை அறைந்து சாத்தினாள். சமையலறையில் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினாள். ஜன்னல் வழியே மோட்டாரின் முனகலும் குமிழிகளின் கொதிப்பும், நடுநடுவே யாரோ மடக்கு மடக்காகக் குடிப்பது போன்ற சத்தமும், புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரைப் போன்றதொரு வாடையும் வந்துகொண்டே இருந்தன. தூள் மூட்டை அவள் காலடியில்தான் கிடந்தது, இன்று கட்டுப் பிரிக்காமல்.

ஒரு மணி நேரமாகியும் அவர் வரவில்லை. வேண்டுமென்றே என்னை வெறுப்பேற்றுகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் பால் போல் வெளுத்திருந்தது. குப்பியில் பிடித்தாள். மருந்து விட்டாள்.

சிவப்பு.

நீலமாகும்வரை சொட்டு விட்டு எண்ண வேண்டும்; எத்தனை சொட்டோ அத்தனை சுண்ணாம்பு. பத்து. இருபது. நாற்பது.

இன்னும் சிவப்பு.

"கை குடு," அவர் குரல் குழறியது. "எழுந்திருக்க முடியல."

"எல்லாத்துக்கும் நான்தான் வரணும்!" ஆத்திரத்தோடு மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள்.

அவள் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. தோலுக்கு நடுவில் கெட்டியாக எதுவும் தடுக்கவில்லை.

விட்டாள்.

கை, தொட்டி விளிம்பில் ஈரத்துண்டு போல மடிந்து தொங்கியது. அவர் சிரித்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை.

"முட்டி வலி சுத்தமா போயிடுச்சுடி."